சீல் வைத்த இளைஞன்

இந்தக் காலத்து இளைஞர்கள் தலையில் வரியும் வாடகையும் விலைவாசியும் நியாயமில்லாமல் ஏறுகின்றனவா என்று ஆராய்வதற்காகத் திருப்பூரில் ஒரு குழு அமைத்தார்கள். பதில்தான் வேண்டுமென்றால் நல்லூரில் எந்தச் சந்துக்குள் வேண்டுமானாலும் நுழைந்து, பனியன் கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும் யாரையாவது நிறுத்திக் கேட்டிருக்கலாம். பஸ் போய்விடும் என்று புலம்பிக்கொண்டே பதிலும் சொல்லியிருப்பான். ஆனால் அது வெறும் விசாரிப்பு. ஆராய்ச்சி என்றால் ஏசி போட்ட அறை வேண்டும், முந்திரி பக்கோடா வேண்டும், முக்கியமாக, பதில் தெரியாத பெரிய மனிதர்கள் வேண்டும். எனக்குக் குழு என்ற சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். இருந்தாலும் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

குழுவின் பெயர் 'இளைஞர் வாழ்க்கைச் செலவு நியாய ஆராய்வுக் குழு'. தலைவர் கிட்டுசாமி. பெருமாநல்லூர் ரோட்டில் ஏற்றுமதிக் கம்பெனிகள் வைத்திருப்பவர். மகா மரியாதைக்காரர். வேலையை விட்டு நிறுத்துகிற ஆளைக்கூட வாசல் வரை வந்து, 'பாத்துப் போயிட்டு வாங்க கண்ணு' என்று சொல்லித்தான் அனுப்புவார். செயலாளர் தரணீதரன், வரித்துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றும், எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்காமல் சட்டைப் பையைப் பார்த்துப் பேசுகிற பழக்கம் மட்டும் போகவில்லை. மூன்றாமவர் தங்கவேலு, வாடகைக்கு வீடு விடுகிறவர்களின் பிரதிநிதி. குழுவில் இளைஞர் என்று ஒருவர்கூடக் கிடையாது. இதைப் பற்றி ஒரு நிருபர் கேட்டபோது கிட்டுசாமி பணிவாகச் சொன்னார்:

"அவீங்க செலவைப் பத்தி அவீங்களே பேசுனா ஒருதலைப்பட்சமாப் போயிருமுங்க."

முதல் சில கூட்டங்கள் குழுவுக்கு என்ன நிறத்தில் பேட்ஜ் வைப்பது என்பதில் போயின. அதற்குப் பிறகுதான் சிக்கல் வந்தது. ஊரில் லட்சக்கணக்கில் இளைஞர்கள் இருக்கிறார்கள். எல்லோரையும் எப்படி விசாரிப்பது? தரணீதரன் புள்ளிவிவரம், சதவிகிதம் என்று ஏதோ ஆரம்பித்தார். கிட்டுசாமி கையை அமர்த்தினார்.

"ஏனுங்க சார், வெளிநாட்டுக்காரன் லட்சம் பீஸ் ஆர்டர் குடுக்கறான். லட்சத்தையும் தூக்கிட்டுப் போயா காட்டறோம்? ஒரே ஒரு சாம்பிள் பீஸ். அவன் ஓக்கே பண்ணி சீல் வெச்சுட்டா முடிஞ்சு போச்சுங்க. இதையும் அதே மாதிரி பண்ணிப்போடலாமுங்க."

திருப்பூருக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியாது. வாங்குகிறவன் ஒப்புக்கொண்ட சாம்பிள் பனியனில் ஒரு அட்டையைக் கட்டி, கையெழுத்துப் போட்டு, இழுத்தால் கழலாத பிளாஸ்டிக் லாக் ஒன்றை மாட்டிவிடுவார்கள். ஆர்டர் முடிகிறவரை அந்தப் பனியனை யாரும் துவைக்க மாட்டார்கள், மடிக்க மாட்டார்கள், ஒரு நூலைக்கூடப் பிரிக்க மாட்டார்கள். அதில் ஒரு மாற்றம் நடந்தால் மொத்த ஆர்டரும் போச்சு. எனவே, ஒரே ஒரு இளைஞனைப் பிடித்து சீல் வைத்துவிட்டால், மிச்சம் உள்ள அத்தனை பேரைப் பற்றியும் தெரிந்துவிடும் என்று குழு ஒருமனதாக முடிவு செய்தது. பக்கோடா இரண்டாவது தட்டு வந்தது.

அந்த இளைஞனாக வந்து மாட்டிக்கொண்டவன்தான் ஜெயபாண்டி. சாத்தூர்ப் பக்கத்துக்காரன். பனியனுக்கு ஓரம் அடிக்கிற ஓவர்லாக் டெய்லர். நல்லூரில் ஒரு லைன் வீட்டு அறையில் ஐந்து பேரோடு ஆறாவதாகப் படுத்து எழுந்துகொண்டிருந்தான். அவனுக்கும் நதியாவுக்கும் ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். நதியாவும் அவன் ஊர்தான், முறைப்பெண்தான். மங்கலம் ரோட்டில் வேறொரு கம்பெனியில் தைக்கிறாள், அந்தக் கம்பெனி ஹாஸ்டலிலேயே தங்கியிருக்கிறாள். அவளுடைய அப்பா குருசாமி ஊரிலிருந்தபடியே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்.

"இந்தா பாரு மாப்ள, தனி வாசல் இருக்கணும், தனிக் கக்கூசு இருக்கணும். ஆறு பேருக்கு நடுவுல எம்புள்ள குடும்பம் நடத்த முடியாது. ஆவணிக்குள்ள ஒரு வீட்டப் புடிச்சுட்டுச் சொல்லு. இல்லன்னா விட்டுரு, வேற எடத்துல கேக்குறாக."

நியாயமான நிபந்தனை. அப்படி ஒரு வீட்டையும் ஜெயபாண்டி பார்த்து வைத்திருந்தான். தனி வாசல், தனிக் கக்கூஸ், எப்போதும் உப்புத் தண்ணீர், மாநகராட்சி விடுகிறபோது ஆற்றுத் தண்ணீர். சம்பளம் வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைத்து, அட்வான்ஸில் பெரும்பகுதியைச் சேர்த்தும் விட்டான். இன்னும் கொஞ்சம்தான் துண்டு விழுந்தது. அந்த நேரத்தில்தான், 'பாரம் தாங்க முடியாத இளைஞர்கள் நேரில் வந்து தெரிவிக்கலாம், நியாயமிருந்தால் உதவிக்குக் குழு பரிந்துரைக்கும்' என்ற அறிவிப்பைப் பார்த்தான். அதில் 'உதவி' என்ற சொல் இருந்தது. மற்ற சொற்களை அவன் கவனிக்கவில்லை.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு குழுவின் முன்னால் போய் நின்றான்.

"வாங்க கண்ணு, உக்காருங்க. டீ சாப்படறீங்களா?" என்றார் கிட்டுசாமி. டீ வருவதற்குள் சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து அவன் நெஞ்சைச் சுற்றி அளந்தார். தோள்பட்டையை அளந்தார். நீளம் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "கச்சிதமா மீடியமுங்க!"

சம்பளம் கேட்டார்கள். வாடகையில் அவன் பங்கு எவ்வளவு என்று கேட்டார்கள். காலையில் எத்தனை இட்லி, ஒரு நாளைக்கு எத்தனை டீ, மாதத்துக்கு எத்தனை சோப்பு என்று கேட்டார்கள். எல்லாமே மீடியம். மருத்துவச் செலவு என்னவென்று கேட்டபோது, அந்த மாதம் உடம்புக்கு ஒன்றும் வராததால், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டான். பின்னால் இதற்காக அவன் மிகவும் வருந்தினான்.

"வரி எவ்வளவுங்க தம்பி கட்டறீங்க?" என்றார் தரணீதரன், அவன் பையைப் பார்த்து.

"வரியெல்லாம் நான் எங்க சார் கட்டுறேன்? அம்புட்டுச் சம்பளம் எனக்குக் கெடையாது."

தரணீதரனுக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்த ஒரு வார்த்தையைக் கேக்கத்தானுங்க நான் இத்தனை வருசம் வேலை பார்த்தேன். தம்பி, காலையில பல்லு வெளக்கறீங்க, வரி கட்டியாச்சு. சோப்புப் போடறீங்க, கட்டியாச்சு. ஃபோனுக்கு ரீசார்ஜ் பண்றீங்க, கட்டியாச்சு. ராத்திரி பரோட்டா பார்சல் வாங்கறீங்க, அதுலயும் கட்டியாச்சு. பெரிய முதலாளிகிட்ட வரி வாங்கோணும்னா நோட்டீஸ் உடோணும். ஆடிட்டர் வருவார், வாய்தா கேப்பார், பொறவு அப்பீலு, பொறவு சமாதானம். நீங்க தங்கமுங்க. நீங்களே கடைக்கு வந்து, வரிசையில நின்னு, கட்டிப்போட்டு, நான் வரியே கட்டறதில்லைன்னு சந்தோசமா ஊட்டுக்குப் போறீங்க. வலி தெரியாம எடுக்கோணும். அதுதானுங்க எங்க தொழில்ல தெறமை."

பெரிய முதலாளி என்ற சொல் வந்தபோது கிட்டுசாமி அடக்கமாகத் தலை குனிந்தார்.

வாடகை அதிகமாக இருக்கிறது, அட்வான்ஸ் அதைவிட அதிகமாக இருக்கிறது என்று ஜெயபாண்டி மென்று விழுங்கிச் சொன்னான். அதற்குத் தங்கவேலு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவன் பார்த்து வைத்திருந்த வீடே அவருடையதுதான்.

"வாடகையை நாங்க ஏத்தறதில்லீங்க தம்பி. ஊடு கேட்டு வர்றவீங்க மூஞ்சில ஒரு அவசரம் தெரியுமுங்க, அதுதான் ஏத்துது. தனிக்கட்டைன்னா ஒரு ரேட்டு. கல்யாணம் வெச்சிருக்கறோம்னு வாயைத் தொறந்தா தானா கொஞ்சம் ஏறிப்போகுது. எங்களுக்கே கஷ்டமாத்தான் இருக்குமுங்க, ஆனா என்ன பண்ணறது, வேண்டாம்னு சொல்ல முடியறதில்லை."

ஒரு மணி நேரம் கழித்து ஜெயபாண்டியின் வலது மணிக்கட்டில் பிளாஸ்டிக் லாக் மாட்டி, அட்டை கட்டினார்கள். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அட்டையில் 'அப்ரூவ்டு' என்று முத்திரை குத்தினார்கள். உதவி எப்போது கிடைக்கும் என்று கேட்டான். அறிக்கை வந்தவுடன் என்றார்கள். அதுவரை அவன் சம்பளம் கூடக் கூடாது, குறையக் கூடாது. அறை மாறக் கூடாது. சொன்ன இட்லி, சொன்ன டீ. ஒரு சாம்பிள் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தால் போதும்.

"இத நானா அத்துட்டா என்னங்கய்யா ஆகும்?" என்று ஜெயபாண்டி பயந்தபடி கேட்டான்.

"ஒண்ணும் ஆகாதுங்க கண்ணு. சீல் உட்டுப்போன பீஸை இந்த ஊர்ல எந்தக் கம்பெனியும் உள்ளார சேக்கமாட்டாங்க, அவ்வளவுதான். வேற ஒண்ணும் ஆகாது" என்றார் கிட்டுசாமி, வாசல் வரை வந்து வழியனுப்பியபடி.

மறுநாள் கம்பெனியில் மேனேஜர் அவனைக் கூப்பிட்டார். பங்குனியிலிருந்து அவனை லைன் சூப்பர்வைசராகப் போடுவதாக இருந்தது. சம்பளமும் கூடியிருக்கும், அட்வான்ஸில் விழுந்த துண்டும் சரியாகியிருக்கும். மேனேஜர் அவன் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு மிகுந்த வருத்தத்தோடு உதட்டைப் பிதுக்கினார். "கமிட்டி ஆர்டருங்க. என் கையில ஒண்ணுமே இல்லீங்க." அந்த வருத்தம் அவர் முகத்தில் எங்கே இருந்தது என்று ஜெயபாண்டி கடைசிவரை தேடினான். மேனேஜர் அன்று சீட்டியடித்துக்கொண்டு கேண்டீனுக்குப் போனதாகப் பக்கத்து மெஷின்காரன் சொன்னான்.

குழு சும்மா இருக்கவில்லை. தரம் பார்க்க ஒரு க்யூசி ஆளை நியமித்தது. அவர் சொல்லாமல் கொள்ளாமல் மெஸ்ஸுக்கு வருவார், ஜெயபாண்டியின் தட்டை எட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார். சித்திரையில் மெஸ்காரர் இட்லி விலையை ஏற்றினார். கேஸ் விலை, அரிசி விலை என்று அவருக்கும் காரணம் இருந்தது. ஜெயபாண்டிக்கு உள்ளுக்குள் சந்தோஷம். விலைவாசி ஏறுகிறது என்பதற்குக் கண்ணெதிரே சாட்சி கிடைத்துவிட்டதல்லவா? குழு அலுவலகத்துக்கு ஓடினான்.

"விலை ஏறிருச்சுங்களா? ஐயோ பாவமே" என்று கிட்டுசாமி உண்மையாகவே உச்சுக்கொட்டினார். "ஆனா கண்ணு, மொத்தம் மாறப்படாதுங்க. மாறுனா சாம்பிள் போச்சு. இட்லியைக் குறைச்சுக்குங்க."

"நாலு இட்லி தின்னுட்டிருந்தேன்யா. இப்ப எத்தனை திங்கிறது?"

தரணீதரன் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தார். மூன்றே கால் என்று வந்தது. கால் இட்லியை மெஸ்ஸில் எப்படிக் கேட்பது என்ற நடைமுறைச் சிரமத்தைக் குழு நெடுநேரம் விவாதித்தது. பனியன் அளவில் முன்னே பின்னே அரை இஞ்ச் விட்டுக்கொடுப்பார்கள், அதற்கு டாலரன்ஸ் என்று பெயர். அதே போல ஜெயபாண்டிக்கு இட்லியில் கால் பங்கு டாலரன்ஸ் வழங்கித் தீர்மானம் போட்டார்கள். விட்டுக்கொடுத்தது கீழ்ப்பக்கமாக. ஆக மூன்று இட்லி.

வெயில் ஏறியதும் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. மருத்துவச் செலவு ஒன்றுமில்லை என்று மாசியில் சொன்னவன் சித்திரையில் மாத்திரை வாங்க முடியாது என்று க்யூசி சொல்லிவிட்டார். அறை நண்பர்கள் ஐந்து பேரும் காசு போட்டு மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். அதுவும் குழுவின் காதுக்குப் போயிற்று. தரணீதரன் ஃபோன் செய்தார், "சிநேகிதங்க குடுத்தாங்கன்னா அது வருமானமுங்க தம்பி. உங்க வருமானம் கூடிப்போச்சு, தெரியுங்களா?" என்று கண்டிப்பாகக் கேட்டார். நூற்று மூன்று டிகிரி காய்ச்சலில் படுத்துக்கொண்டு, தன் வருமானம் கூடியதற்காக ஜெயபாண்டி மன்னிப்புக் கேட்டான். ஒருவனை இப்படியும் நடத்த முடியுமா என்று கேட்காதீர்கள். இவ்வளவு மரியாதையாக நடத்தினால் முடியும்.

நதியாவுக்கு விஷயம் முழுவதும் தெரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய பஸ் ஸ்டாண்டு அருகில். ஹாஸ்டலிலிருந்து வெளியே விடுகிற நாள் அது ஒன்றுதான். அவன் இளைத்திருந்ததைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது.

"உதவி கேக்கப் போறேன்னுட்டு என்னத்த மாட்டிக்கிட்டு வந்திருக்கீக மச்சான்?"

"அறிக்கை வந்ததும் பணம் தருவாக புள்ள. அதுவரைக்கும் பொறுத்துக்கிட்டா வீடு புடிச்சிரலாம்."

"பொறுத்துக்கிட்டே இருந்தா நீங்க மிஞ்சுவீகளா? அப்பா தெனம் ஃபோன் போடுறாக. சாத்தூர்ல ஏதோ கடைக்காரனாம், வந்து பாத்துட்டும் போயிட்டானாம். போயி அவுககிட்டச் சொல்லுங்க, எங்களுக்குக் கல்யாணம், எங்கள விட்டுருங்கன்னு."

அவள் கண் நிறைந்துவிட்டது. அவனுக்கும்தான். நதியா இல்லாத திருப்பூர் அவனுக்கு வெறும் தையல் சத்தம். அதை அவளிடம் சொல்லத் தெரியாமல், அடுத்த கூட்டத்துக்குப் போய்ச் சொல்லிவிடுவதாக வாக்குக் கொடுத்தான்.

சொன்னான். குழு அவன் திருமண விஷயத்தை மிகுந்த பரிவோடு எடுத்துக்கொண்டது. மூன்று பேரும் எழுந்து நின்று வாழ்த்துச் சொன்னார்கள். பிறகு உட்கார்ந்து மறுத்தார்கள்.

"கல்யாணம்ங்கறது ஆல்ட்ரேசன் மாதிரிங்க கண்ணு" என்றார் கிட்டுசாமி. "சீல் வெச்ச பீஸ்ல கைய வெக்கறதில்லை. எம்பட சொந்த மகன் கல்யாணமா இருந்தாலும் இதேதான் சொல்லுவேன். அவனுக்கு ஊட்டி ரோட்டுல பங்களா கட்டறது ஒரு பக்கம் நடக்குது, அது வேற விசயமுங்க."

"அதோட, கல்யாணம் ஆயிட்டா நீங்க குடும்பஸ்தன்" என்றார் தரணீதரன். "எங்க வேலை இளைஞர்களைப் பத்தி மட்டுந்தான். குடும்பஸ்தனுக்கு விலைவாசி நியாயமான்னு பாக்கறதுக்கு வேற கமிட்டி போடோணுமுங்க. போட்டா அதுக்கும் நாங்களேதான் வருவோம், நீங்க கவலைப்படாதீங்க."

"எனக்கு இந்த உதவியே வேண்டாங்கய்யா. என்னைய விட்டுட்டு வேற ஆளப் புடிச்சுக்கங்க. என்னால முடியல. ஒடம்பெல்லாம் வத்திப்போச்சு."

வற்றிப்போச்சு என்றதும் கிட்டுசாமி கூர்ந்து பார்த்தார். டேப்பை எடுத்து மறுபடியும் அளந்தார். நெஞ்சில் இரண்டு இஞ்ச் குறைந்திருந்தது. ஜெயபாண்டிக்கு நம்பிக்கை வந்தது. பீஸில் குறை இருந்தால் ரிஜெக்ட் செய்துவிடுவார்கள். பனியன் தொழிலில் யாருக்கும் ரிஜெக்ட் ஆக ஆசை இருக்காது. அந்த நிமிஷம் அவன் அதற்காகக் குலதெய்வத்தை வேண்டிக்கொண்டான்.

"ஒரு துவை துவைச்சா காட்டன் இவ்வளவு சுருங்கத்தானுங்க செய்யும்" என்று கிட்டுசாமி டேப்பைச் சுருட்டினார். "இதுக்கு மேல சுருங்காது. இனிமேத்தான் பீஸ் ஸ்டெடியா நிக்கும். எழுதிக்குங்க சார், வாஷ் டெஸ்ட் பாஸ்."

வைகாசி போயிற்று, ஆனி போயிற்று. ஆடி முடியும் தறுவாயில், ஒரு பெரிய மஹாலில் அறிக்கை வெளியீட்டு விழா என்று அறிவித்தார்கள். கம்பெனிகளிலிருந்து தொழிலாளர்களைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து நிரப்பினார்கள். அந்தக் கூட்டத்தில் நதியாவும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஆவணியின் முதல் முகூர்த்தம் நெருங்கியிருந்தது. இன்றைக்கு அட்டையை அவிழ்த்துவிட்டால் போதும், வீடு பிடித்துவிடலாம், குருசாமி வாயை அடைத்துவிடலாம் என்று மேடையில் நின்ற ஜெயபாண்டி நினைத்துக்கொண்டிருந்தான். அவனை உட்கார வைக்கவில்லை. உட்கார்ந்தால் மடிப்பு விழும் என்றார் க்யூசி.

சால்வைகள் முடிந்ததும் தரணீதரன் அறிக்கையைப் படித்தார்.

"இளைஞர்களுக்கு வரியும் விலைவாசியும் நியாயமில்லாத பாரமா இருக்குதுங்களான்னு ரொம்பக் கவலையோட ஆராய்ஞ்சோம். இந்தத் தம்பி மாசியில இருந்து ஒரே சம்பளத்துல இருக்கறாருங்க. நடுவுல விலை ஏறுச்சு. இவருக்குச் செலவு ஏறலை. காய்ச்சல் வந்துச்சு, வைத்தியச் செலவு வரலை. அதுக்கு மேல, ஒரு தொகை மிச்சமும் பண்ணி வெச்சிருக்கறார்."

மிச்சம் என்று அவர் சொன்னது, வீட்டு அட்வான்ஸுக்கு அவன் சேர்த்து வைத்த பணம். செலவு செய்யக் கூடாது என்று குழுவே பூட்டி வைத்த பணம்.

"ஆக, பாரம் இல்லைங்கறது மட்டுமில்லீங்க, பாரம் கொஞ்சம் பத்தலைங்கறதும் தெரியவருது. இந்தத் தம்பி செலவு பண்ற தொகையையே எல்லா இளைஞர்களுக்கும் நியாயமான செலவுன்னு வெச்சு, சம்பளத்தையும் அதுக்குத் தக்கன அமைச்சுக்கலாம்னு பரிந்துரைக்கறோம்."

மஹாலில் கைதட்டல் எழுந்தது. கம்பெனிக்காரர்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து எழுந்தது. தங்கவேலு மைக்கைப் பிடித்து, இளைஞர்கள் கையில் மிச்சம் இருப்பது இவ்வளவு நாளாகத் தெரியாமல் போய்விட்டதென்றும், அடுத்த மாதத்திலிருந்து வாடகையில் அதைச் சரிசெய்துகொள்வதாகவும் உறுதியளித்தார்.

"அய்யா, என் அட்டைய அவுத்துவிடுங்க" என்றான் ஜெயபாண்டி. அவன் குரல் மைக்கில் விழுந்துவிட்டது.

"கண்ணு, ஆர்டரே இப்பத்தானுங்க ஆரம்பிக்குது" என்றார் கிட்டுசாமி. "லட்சம் பீஸும் உங்களைப் பாத்துத்தானே தைக்கோணும்? கடைசி பீஸ் கப்பலேறுற வரைக்கும் சாம்பிள் இருந்தாகோணுமுங்க."

அப்போதுதான் நதியா எழுந்தாள். மேடைப் படியில் அவள் ஏறியதை யாரும் தடுக்கவில்லை. பூங்கொத்துக் கொடுக்க வந்த பெண் என்று நினைத்துவிட்டார்கள். நேராக மைக்கிடம் போனாள்.

"இவுக நாலு மாசமா அரை வயித்துக்குத் தின்னு வத்திப் போயிருக்காக, அதக் காட்டி நியாயம்னு சொல்றீகளா? எங்களையும் கேளுங்க. நானும் அதே ஓவர்லாக் மெசின்லதான் ஒக்காந்திருக்கேன். பொம்பளப் புள்ளைன்னு இவுகள விடக் கொறச்சுத்தான் போடுறாக. அதுல ஆஸ்டலுக்குப் புடிக்கிறாக, சாப்பாட்டுக்குப் புடிக்கிறாக. மிச்சத்துல பாதி ஊருக்குப் போகுது. சோப்ப ரெண்டா நறுக்கி ரெண்டு மாசம் வச்சுக்கிடுறேன். பஸ் காசு இல்லைன்னு பொங்கலுக்கு ஊருக்குப் போகல. இதுக்குப் பேரு நியாயமா?"

பின்வரிசைகளில் சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஜெயபாண்டிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. குழுவின் முகத்தில் முதல் முறையாக ஒரு மாறுதல் தெரிந்தது. கிட்டுசாமி மெதுவாக எழுந்து வந்தார். அவர் குரல் தழுதழுத்தது.

"எவ்வளவுங்க கண்ணு சொன்னீங்க, உங்க சம்பளம்?"

சொன்னாள்.

"அத வெச்சுட்டு எப்புடீங்க சமாளிக்கறீங்க?"

"சமாளிக்காம? உசுரோடதான நிக்கிறேன் ஒங்க முன்னால!"

கிட்டுசாமி தரணீதரனைத் திரும்பிப் பார்த்தார். தரணீதரன் கால்குலேட்டரை எடுத்துவிட்டிருந்தார். அவருக்கு மறுபடியும் கண் கலங்கியிருந்தது. ஒரு நிமிஷம் இருவரும் காதோடு காதாகப் பேசினார்கள். பிறகு கிட்டுசாமி கத்தரியால் ஜெயபாண்டியின் மணிக்கட்டில் இருந்த லாக்கைத் தன் கையாலேயே நறுக்கென்று வெட்டிவிட்டார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க கண்ணு. உங்க ரேட்டு ஜாஸ்தியாப் போச்சுங்க. இதைவிடக் கம்மிக்கு நல்ல பீஸ் கிடைச்சிருச்சு. வியாபாரத்துல இது சகஜமுங்க."

என்ன நடக்கிறதென்று ஜெயபாண்டிக்குப் பிடிபடுவதற்குள் க்யூசி புதிய அட்டையோடு வந்துவிட்டார். நதியா கையை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். பின்னால் தங்கவேலு நின்றிருந்தார். சால்வை போர்த்துவதற்கென்று நான்கைந்து பேர் மரியாதையாகச் சூழ்ந்துகொண்டார்கள். சால்வைக்குள் அவள் கை எங்கே போயிற்று என்று வெளியிலிருந்து பார்க்க முடியவில்லை. விலகியபோது அவள் மணிக்கட்டில் லாக் விழுந்திருந்தது. அறிக்கையில் தொகையை மட்டும் திருத்திக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கலாம் என்று தரணீதரன் மைக்கில் அறிவித்தார். இந்த முறை கைதட்டல் இன்னும் பலமாக இருந்தது.

ஜெயபாண்டி மேடையிலேயே கத்தினான். கிட்டுசாமியின் காலைப் பிடித்தான். "அவளுக்குக் கல்யாணம்யா, ஆவணியில கல்யாணம். என்னையவே திரும்பக் கட்டிக்கங்க" என்று கெஞ்சினான். கிட்டுசாமி அவனைத் தூக்கி நிறுத்தி, சட்டையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டார். சீல் வைத்த பீஸில் கை வைப்பதில்லை என்று அவனுக்கே தெரியும்தானே என்று கேட்டார். அவனுக்குத் தெரியும்.

கூட்டம் சாப்பாட்டுக்குக் கலைந்தபோது தங்கவேலு சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு அவனிடம் வந்தார்.

"இப்ப நீங்க ஃப்ரீங்க தம்பி. ஊடு காலியாத்தான் கெடக்குது. தனிக்கட்டை ரேட்டே போட்டுக்கலாமுங்க."

நதியா படியில் உட்கார்ந்து அந்த லாக்கை இழுத்துக்கொண்டிருந்தாள். இழுக்க இழுக்க அது இறுகியது. ஜெயபாண்டி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் விரல்களை விலக்கி, சிவந்து போயிருந்த இடத்தைத் தடவிவிட்டான். அவள் அவனைப் பார்த்து, பெரிய தப்பு செய்துவிட்டு வந்த பிள்ளை கேட்பது போலக் கேட்டாள்.

"உசுரோட இருக்கேன்னு நான் சொல்லியிருக்கக் கூடாதோ மச்சான்?"